சுவிஸ் அண்ணையும் உறைந்த தேங்காய் எண்ணெயும்

லண்டன் குளிரைத் திட்டாத ஒரு யாழ்ப்பாணத்தவரை நீங்கள் கண்டதுண்டா? நான் கண்டிருக்கிறேன். உலகத்திலேயே அப்படி ஒரே ஒரு ஆள்தான் உண்டு. அவரும் கிழக்கு லண்டனில், பிளேஸ்டோவில், என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருக்கிறார். எல்லோருக்கும் அவர் சுவிஸ் அண்ணை. சொந்தப் பெயர் அவருடைய மனைவிக்கும் கவுன்சிலுக்கும் மட்டும்தான் தெரியும்.

எங்கள் தெருவில் கொஞ்சம் பனி விழுந்தால் போதும், யாரும் வழுக்கி விழாமல் அதை உருக்க, நாங்கள் உப்பு வாளியோடு வெளியே ஓடுவோம். அவர் எங்களுக்குப் பின்னால் ஓடி வருவார்.

"ஐயோ, உப்பைப் போடாதேங்கோ! நல்ல பனி பாழாய்ப் போகுது!"

இதனாலேயே நாலு வீட்டுக்காரர் அவரோடு கதைப்பதை நிறுத்தினார்கள். ஐந்தாவது வீட்டுக்காரர் அவர் பேச்சைக் கேட்டு உப்புப் போடாமல் விட்டு, வாசலில் வழுக்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு நிறுத்தினார்.

அண்ணை சுவிஸில் ஒரு மலை ஹோட்டலில் பதினெட்டு வருடம் கோப்பை கழுவியவர். அங்கே யாரோ விட்டுவிட்டுப் போன, பனியில் நின்றபடி சறுக்கும் ஸ்னோபோர்ட் பலகை ஒன்றை எடுத்து, வேலை இல்லாத நேரத்தில் மலையில் உருண்டு பிரண்டு தானாகவே பழகிக்கொண்டார். ஒருநாள் அங்கே ஒரு போட்டிக்குப் பெயர் கொடுக்கப் போயிருக்கிறார். எந்த நாடு என்று கேட்டிருக்கிறார்கள், இவரும் சொல்லியிருக்கிறார். மேசையில் இருந்தவன் சிரித்துவிட்டு, "அந்த நாடு எங்கட பட்டியலில இல்லை" என்று அனுப்பிவிட்டான்.

பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கவேண்டும் என்று குடும்பத்தோடு லண்டனுக்கு வந்தபோது, வான் வண்டியின் கூரையில் அந்தப் பலகையும் வந்தது. மனதுக்குள் அந்தச் சிரிப்பும் வந்தது. தேத்தண்ணி குடிக்கும்போதுகூடத் திடீரென்று, "பட்டியலில இல்லையாம்!" என்பார். கேட்பவர்கள் ரேஷன் கார்டைப் பற்றிச் சொல்கிறார் என்று நினைப்பார்கள்.

லண்டனுக்கு வெளியே, கூரை போட்ட கட்டடத்துக்குள் செயற்கைப் பனி கொட்டிச் சறுக்கவிடும் இடம் ஒன்று உண்டு. பனியே விழாத நாடுகளைச் சேர்ந்தவர்களுக்கு அங்கே வருடா வருடம் ஒரு சிநேகப் போட்டி வைக்கிறார்கள் என்று அண்ணை கண்டுபிடித்தார். புதிய நாட்டைச் சேர்க்க ஒரே ஒரு நிபந்தனை. புதிதாய்ப் பழகிய நாலு பேர், கொடுத்த ஒரு மணித்தியாலத்துக்குள், உச்சியிலிருந்து சறுக்கி வந்து, கீழே போட்ட கோட்டை நின்றபடி தாண்டவேண்டும். விழுந்தால் கணக்கில்லை. பழக்கியவரும் கணக்கில்லை.

நாலு பேரைச் சேர்ப்பதென்றால் சங்கம் அமைக்காமல் முடியுமா? எங்கள் ஆட்கள் ஒன்றாய்ச் சேர்ந்து வடை தின்பதென்றாலும் யாப்பு என்று சங்க விதிகளை எழுதிவிட்டுத்தான் தின்பார்கள். ஏற்கனவே ஐந்து சங்கங்களுக்குச் செயலாளராக இருந்த லோகன் அண்ணை இதற்கும் செயலாளரானார். செவன் கிங்ஸ் பக்கத்தில் கேக் செய்து விற்கும் ராணி அக்கா தலைவி. பல்கலைக்கழகத்தில் படிக்கும் அவருடைய மகள் மீரா பொருளாளர். வேலையே இல்லாத பதவி என்று நம்பி நான் போஷகரானேன், புரவலர் என்பார்களே, அதுதான்.

விண்ணப்பத்தில் 'நாடு' என்றொரு பெட்டி இருந்தது. அதில் என்ன எழுதுவது என்று மூன்று மணித்தியாலம் சண்டை. கடைசியில் சுவிஸ் அண்ணை பேனையைப் பறித்து 'இலங்கை' என்று எழுதினார்.

"பிறந்த இடத்தைத்தான் கேட்டிருக்கிறாங்கள். ஆர் ஆளுறது எண்டு கேக்கேல்லை!"

பயிற்சி எங்கே தெரியுமா? லூயிஷாம் சிவன் கோவிலுக்குப் போகும் டி.எல்.ஆர். என்ற குட்டி நகர ரயிலில். வெள்ளிக்கிழமைதோறும் எங்களை அதில் ஏற்றி, பலகையில் நிற்பதுபோலப் பக்கவாட்டாக நிற்கவைத்து, முழங்காலை மடிக்கச் சொல்வார். கம்பியைப் பிடிக்கக்கூடாது. ஒவ்வொரு வளைவிலும் நான் யாருடைய மடியிலாவது இருந்தேன். ஒரு அம்மா அர்ச்சனைத் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "தம்பிக்குத் தலைசுத்தோ, ஏதும் வருத்தமோ?" என்று கேட்டார். "இல்லை அம்மா, அவர் எங்கட போஷகர்" என்றார் அண்ணை.

எங்களுக்குக் குறித்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. பனிச்சரிவின் அடியில் நாங்கள் பலகைகளோடு நிற்க, லோகன் அண்ணை பட்டு வேட்டியைத் தடித்த காற்சட்டைக்கு மேல் கட்டி, தோளில் பொன்னாடை போட்டு, கையில் குத்துவிளக்கோடு வந்தார். அச்சடித்த நிகழ்ச்சி நிரல் வேறு. மங்கல விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, பிறகுதான் சறுக்கல்.

வீட்டில் உருக்கிப் போத்தலில் கொண்டுவந்த தேங்காய் எண்ணெயை ஊற்றினார். அது விளக்கில் விழுந்த கையோடு வெண்ணெய்போல உறைந்தது. திரியைப் பற்றவைத்தால் நுனி மட்டும் கருகி அணைந்தது. மறுபடி பற்றவைத்தார். மறுபடி அணைந்தது. அதற்குள் சிவப்புச் சட்டை போட்ட மேற்பார்வைப் பெண் ஓடிவந்து, பனிக்குள் நெருப்பு வைக்கக்கூடாது என்று தடுத்தாள். இது எங்கள் பண்பாடு என்று லோகன் அண்ணை அவளுக்கு விளக்கத் தொடங்கினார். விளக்கு எரியாவிட்டாலும் விளக்கம் நன்றாக எரிந்தது. கொடுத்த ஒரு மணித்தியாலத்தில் முக்கால் போய்விட்டது.

சுவிஸ் அண்ணையின் முகத்தைப் பார்த்தேன். அழுதுவிடுவார் போலிருந்தது.

"லோகன், உன்ரை காலைப் பிடிக்கிறன். கால்மணித்தியாலம்தான் கிடக்கு. இண்டைக்கும் பட்டியலில இல்லையெண்டால் நான் இனி ஆரிட்டைப் போய்க் கேப்பன்?"

மீராதான் காப்பாற்றினாள். தன் போனின் டோர்ச்சைப் போட்டு விளக்கின் தட்டில் நிமிர்த்தி வைத்தாள். "அங்கிள், லைற் வந்திட்டுது. நவ் ப்ளீஸ், கோ!" லோகன் அண்ணை அதை ஒரு கணம் பார்த்தார். பிறகு கைகூப்பிக் கும்பிட்டார். உரைகள் ரத்து. நாங்கள் நாலு பேரும் உச்சிக்கு ஏற, சுவிஸ் அண்ணை கீழே கோட்டுக்கு அப்பால் போய் நின்றார்.

மீரா கடைக்குப் போய் வருவதுபோல இறங்கினாள். ராணி அக்கா உச்சியிலிருந்து கோடுவரை "முருகா, முருகா" என்று கத்திக்கொண்டே வந்தார், முருகன் கைவிடவில்லை. லோகன் அண்ணையின் பொன்னாடை பாதியில் முகத்தை மூடிக்கொண்டது. எங்கே போகிறோம் என்று தெரியாததால் பயப்படாமல் வந்து சேர்ந்தார்.

மிச்சம் நான். இரண்டு தரம் விழுந்து, இரண்டு தரமும் மேலே ஏறி வந்தேன். மூன்று நிமிடம்தான் இருந்தது. வேலையில்லாத பதவி என்று நம்பியவனின் காலில் ஒரு மனுசனின் பாதி ஆயுள் தொங்கியது. மூன்றாம் தரம் பலகை என்னை ஒரு சுற்றுச் சுற்றித் திருப்பிவிட்டது. முகம் மலையைப் பார்க்க, முதுகு கீழே போக, பின்பக்கமாகவே வழுக்கினேன். கோட்டை நான் காணவே இல்லை. யார் மேலோ போய் மோதினேன். இரண்டு கை என்னை இறுக்கிப் பிடித்தது. சிவப்புச் சட்டைப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நின்றபடிதானே வந்தார்" என்று தாளில் குறித்துக்கொண்டாள்.

"விடுங்கோ அண்ணை, நான் இனி விழமாட்டன்."

"நீ விழமாட்டாய் தம்பி. நான்தான் விழப்போறன். பிடிச்சுக்கொண்டு நில்."

அந்த வருடப் போட்டியில் நாங்கள் கடைசியாக வந்தோம். ஆனால் சுவரில் தொங்கிய பட்டியலில் எங்கள் நாட்டின் பெயர் இருந்தது. அண்ணை பரீட்சை முடிவு பார்க்கிற பிள்ளைபோல விரல் வைத்து அதை நாலு தரம் வாசித்தார். இப்போது செவன் கிங்ஸிலிருந்தும் லூயிஷாமிலிருந்தும் ஆட்கள் கார் காராக வருகிறார்கள். ஐம்பது தாண்டிய பெண்களுக்கென்று ராணி அக்கா தனியாக ஒரு குழு நடத்துகிறார். லோகன் அண்ணை பிரிந்துபோய் இரண்டாவது சங்கம் தொடங்கிவிட்டார். எங்கள் ஆட்களிடம் ஒரு விசயம் வேரூன்றிவிட்டது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

சுவிஸ் அண்ணை சனிக்கிழமை ஒரு சங்கத்துக்கும் ஞாயிற்றுக்கிழமை மற்றச் சங்கத்துக்கும் பழக்குகிறார். இந்த வயதில் முழங்கால் தாங்காது என்று நானும் ஏசிப் பார்த்துவிட்டேன். கேட்கிற ஆள் இல்லை. அதனால் இரண்டு நாளும் நான் போய்ச் சரிவின் அடியில் நிற்கிறேன். அவர் இறங்கி வரும்போது பிடிக்க ஒரு ஆள் வேண்டுமே.