மேடேறும் காடி

நாற்பது காடிகள் வரிசையில் நின்றன; எங்கள் ஊரில் காருக்குப் பெயர் காடி. எல்லாம் எஞ்சினை அணைத்துவிட்டு மேடேறக் காத்திருந்தன. பாலேக் பூலாவ் போகும் குறுக்குச் சாலையில் அம்மன் காடி இழுக்கிறாளாம். பெட்ரோல் விலை அவள் காதுக்கும் எட்டியிருக்கும்.

ஞாயிறானால் இப்படிப்பட்ட சாலைகளில் சுற்றி, கூட்டம் கண்ட இடத்தில் நிறுத்துவது என் பழக்கம். ஒருமுறை குளுகுளுவென்று குடிக்க நல்ல செண்டோல் கிடைத்தது, இன்னொரு முறை ஜாதிக்காய்ச் சாறு. இந்த முறை இழுப்புச் சாமி கிடைத்தார். காவி வேட்டி, கறுப்புக் கண்ணாடி.

"பத்து வெள்ளிக்கு எங்கிட்ட எலுமிச்சம்பழம் வாங்கி டயர்ல நசுக்குங்க. கியர ஃப்ரீ பண்ணுங்க. மத்தத அம்மா பாத்துக்குவா. பழம் வைக்காத காடிய அம்மா தொடமாட்டா."

நசுக்கினேன். காடி மெல்ல மேட்டில் ஏறியது. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"சாமி, செவ்வாய்க்கிழம எனக்கு நெஞ்சுல ஆப்பரேஷன். ரத்தக்குழா அடைச்சிருக்கு," என்றேன்.

"ஒரு டன் காடிய இழுக்குறவ உன் அடைப்ப இழுக்கமாட்டாளா? கேன்சல் பண்ணிரு. ஒன்பது ஞாயிறு இங்க வா லா."

ஆப்பரேஷன் கத்தியென்றால் எனக்குப் பயம். ஆகவே என் பக்தி அந்த நிமிடமே முற்றிவிட்டது. ஆப்பரேஷன் வேண்டாமென்று மருத்துவமனைக்குத் தகவல் அனுப்பக் கைப்பேசியை எடுத்தேன். கூட வந்திருந்த என் மனைவி ருக்குமணி அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"என்னங்க, நீங்க என்ன வேல பாக்குறீங்க?"

நல்ல கேள்விதான். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில், இயந்திரங்கள் சாயாமல் நிற்கின்றனவா என்று இருபத்திரண்டு ஆண்டுகளாக ரசமட்டம் வைத்துப் பார்ப்பவன் நான். அந்த ரசமட்டம் காடியின் பின்பெட்டியில்தான் கிடந்தது.

"எடுத்து ரோட்டுல வைங்க."

வைத்தேன். ரசமட்டத்துக் குமிழி எப்போதும் உயர்ந்த பக்கம்தான் ஒதுங்கும். அது காடி புறப்பட்ட பக்கமாக ஒதுங்கியது. நாங்கள் மேடென்று கும்பிட்டது இறக்கம். சுற்றியிருந்த குன்றும் சாய்ந்த மரங்களும் கண்ணை ஏமாற்றியிருந்தன. பின்னால் நின்ற சிக்கந்தர் என்பவர் பழமே வைக்காமல் பிரேக்கை விட்டார். அவர் காடியும் அதே "மேட்டில்" ஏறியது.

சாமி குரலைத் தாழ்த்தினார். "இறக்கம்னு எனக்கே தெரியாதும்மா."

"தெரியாமலா ஒங்க வேன் டயருக்கு மேட்டுப் பக்கமா கல்லு வச்சிருக்கீங்க?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வேன் உருண்டுவிடாமல் இருக்க, "ஏறுகிற" பக்கத்தில் ஒரு செங்கல் இருந்தது. சாமி வேட்டியை மடித்துக்கொண்டு ஓடி வேனைக் கிளப்பினார். அவசரத்தில் செங்கல்லை எடுக்க மறந்ததால் வேன் அதில் முட்டி நின்றது. அம்மனும் இழுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பயந்துகொண்டேதான் ஆப்பரேஷனுக்குப் போனேன். பிழைத்தும்விட்டேன். டாக்டர் என்னை மயக்க ஊசி போடவேண்டியிருந்தது. சாமிக்கு அந்தச் செலவுகூட வைக்காமல் நானே மயங்கிப் போய் நின்றேன்.

குறுக்குச் சாலைகளில் நீங்களும் தாராளமாக நிறுத்துங்கள். இறங்கும்போது பின்பெட்டியில் என்ன இருக்கிறது, கழுத்துக்கு மேலே என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.