காபியைக் குடித்துவிட்ட மாப்பிள்ளை

கரக் ஊரில் வாழும் பெருமதிப்பிற்குரிய மைத்துனர் முஃப்லிஹ் அவர்களுக்கு, அம்மான் நகரிலிருந்து காலிப் பணிவுடன் எழுதுவது. இறைவன் அருளால் உங்கள் தங்கை நலம், நானும் நலம், என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. உங்கள் ஆடுகளின் காய்ச்சல் இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

என் மகன் சுஹைப் வேலை பார்க்கும் அதே கன்சல்டிங் கம்பெனியில் உங்கள் மகள் ரந்துக்கும் இடம் கிடைத்திருக்கிறது, சேர்க்கலாமா, நல்லது கெட்டது என்ன என்று கேட்டிருந்தீர்கள். நல்லதை முதலில் சொல்கிறேன், சீக்கிரம் முடிந்துவிடும். நல்ல சம்பளம். ரியாத் ஓட்டல்களின் குட்டி சோப்பு. நாங்கள் கடையில் சோப்பு வாங்கி வருஷமாகிறது.

இனி கெட்டது. ஞாயிறு விடியுமுன் ரியாத்துக்குப் பறப்பான், வியாழன் இரவு திரும்புவான், வெள்ளி முழுக்கத் தூங்குவான். அங்கே ஏதோ அலுவலகத்துக்குப் போய், அவர்கள் வேலையை அவர்கள் எப்படிச் செய்வது என்று சொல்லிக்கொடுக்கிறானாம். "நீ அந்த வேலையைச் செஞ்சிருக்கியாடா?" என்றேன். "செஞ்சிருந்தா அவங்கள மாதிரியே யோசிப்பேன் பாபா, அதான் என்னைக் கூப்பிடறாங்க" என்கிறான். குடிநீர் இலாகாவில் ஆயுசெல்லாம் குழாய் போட்ட எனக்கு இப்படி ஒரு சௌகரியம் இருப்பது தெரியாமல் போய்விட்டது. போன சனிக்கிழமை மன்ஸஃப் தாம்பாளத்தின் முன் உட்கார்ந்து, "இதுல மூணு விஷயம் இருக்கு" என்று ஆரம்பித்தான். சோறு, கறி, தயிர். எனக்கும் தெரியும்.

இதெல்லாம் போகட்டும். சுஹைபுக்கு லமீஸைப் பெண் கேட்கப் பெரியவர்களைத் திரட்டிக்கொண்டு ஜாஹா போனோமே, ஆடுகளால் நீங்கள் வரவில்லையே, அங்கே நடந்ததைக் கேளுங்கள். பையனுக்கு அந்தப் பெண் என்றால் உயிர். ஷேக் தியாப் தலைமையில் பெரியவர்களெல்லாம் போய் உட்கார்ந்தோம், காபி வந்தது, உங்களுக்குத் தெரியாததா, கோப்பையை முன்னால் வைத்துவிட்டு "கேட்டது கிடைக்காமல் இதைத் தொடமாட்டோம்" என்று ஷேக் சொல்ல வேண்டும், பெண்ணின் அப்பா அபூ நிஸார் "தந்தோம், குடியுங்கள்" என்று சொல்ல வேண்டும், ஷேக்கும் தொண்டையைக் கனைத்தார், அதற்குள் பக்கத்தில் சர்ரென்று ஒரு உறிஞ்சல், பார்த்தால் நம்ம பிள்ளை, கோப்பை காலி. வாரம் முழுக்கத் தூக்கமில்லாமல் காபியிலேயே ஓடுகிற உடம்பு, கை தானாகப் போய்விட்டது. போதும் என்று கோப்பையை ஆட்டவும் மறந்தான், ஊற்றுகிறவர் மறுபடி ஊற்ற, அதையும் குடித்தான். ஷேக் திறந்த வாய் திறந்தபடி இருந்தது. எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

"குடிச்சாச்சா? அப்ப வந்த வேலை முடிஞ்சுது, போயிட்டு வாங்க" என்று அபூ நிஸார் எழுந்தேவிட்டார்.

சுஹைபுக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் வெளுத்துப்போய், "மாமா, தப்பு என்னோடது. இதைச் சரி பண்ண மூணு வழி இருக்கு" என்றான். நான் அவன் தொடையைக் கிள்ளினேன்.

"வழி கிடக்கட்டும். என் பொண்ணுகூட வாரத்துல எத்தனை நாள் இருப்பே?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். "வியாழன் ராத்திரி வருவேன், ஞாயிறு விடியறதுக்குள்ள கிளம்பிடுவேன். நடுவுல தூங்குவேன்" என்றான். அவன் கண் கலங்கிவிட்டது.

உள்கதவின் பின்னாலிருந்து பெண்ணின் அம்மா பேசினார்: "ஏங்க, மத்த நாளெல்லாம் மாப்பிள்ளை வீட்லயே இருக்க மாட்டாராமா? என் பொண்ணு குடுத்துவெச்சவ. பேசாம குடுங்க." பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு, அப்புறம் குலவை. அபூ நிஸார் உட்கார்ந்தார். தந்தோம் என்றார். ஷேக்குக்குச் சூடாக வேறு கோப்பை வந்தது.

பிள்ளை வீட்டில் இருக்கமாட்டான் என்பதற்காகவே பெண் கிடைத்த அப்பன் நான். வியாழன் இரவு ஜன்னலை விட்டு நகரமாட்டேன், அவ்வளவு ஏக்கம். ஆகவே ரந்தை அனுப்பாதீர்கள். கண்ணெதிரே பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கட்டும்.

உங்கள் வீட்டு அடுப்பு அணையாமலும், உங்கள் குழந்தைகள் உங்கள் பார்வையை விட்டு அகலாமலும் இறைவன் காக்கட்டும்.

உங்கள் அன்புள்ள,
காலிப்

பி.கு.: உங்கள் தங்கை இதைப் படித்துவிட்டு, ரந்தை உடனே சேரச் சொல்லி எழுதச் சொல்கிறாள். ரிட்டையர் ஆனதிலிருந்து நான் சமையலறையில் உட்கார்ந்து அவளுக்குப் பருப்பு வேகவைக்க ஆலோசனை சொல்கிறேனாம். என் வயதுக்காரரையும் எடுப்பார்களா என்று சுஹைபை விசாரிக்கச் சொல்லியிருக்கிறாள், அவர்களும் சரியென்றுவிட்டார்கள். ரியாத்தில் ஏதோ குடிநீர் அலுவலகத்துக்கு ஆலோசகன் நான். பெட்டியை அவளே கட்டிவிட்டாள். ஞாயிறு விமானத்தில் சுஹைப் பக்கத்து இருக்கை எனக்கு. இனி வாரமெல்லாம் என் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நல்ல கம்பெனி, யோசிக்காமல் சேருங்கள்.