சீர்ப்பெட்டியின் கனம்

“வாத்தியாரய்யா, வண்டி ஓடல, ஆடுது!” என்று டிரைவர் தங்கசாமி காரை ரோட்டோரம் நிறுத்தினான்.

அரியலூரிலிருந்து ஏலாக்குறிச்சிக்கு ஞானமுத்து வாத்தியாரின் மகள் விண்ணரசியின் கல்யாணச் சீர் போய்க்கொண்டிருந்தது. யுத்தத்தால் பெட்ரோல் கிடைக்காத காலம். கரி போட்டு ஓட்டும் வாடகைக் கார். அதன் பின்னால் கொக்கியில் மாட்டிய இரண்டு சக்கர டிரெயிலர். ஊர் பார்க்கட்டும் என்று டிரெயிலரின் கடைக்கோடியில் பெரிய மரப்பெட்டி.

சீர்ப்பெட்டியை மாப்பிள்ளை வீட்டார் தூக்கிப் பார்ப்பார்கள். கனத்தை வைத்துத்தான் சம்பந்திக்கு மரியாதை. வாத்தியாரின் பெட்டியில் மேலே நாலு புடவை, அடியில் பதினாறு கருங்கல். ஜெபமாலை உருட்டிய கையாலேயே அடுக்கினார். அப்போதே அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

“எல்லாம் பின்பாரம். காரோட பின்பக்கத்தத் தூக்குது. பெட்டிய முன்னால தள்ளுவோங்க.”

தள்ளினார்கள். இப்போது கனமெல்லாம் கொக்கியில் இறங்கி, காரின் பின்பக்கம் உட்கார்ந்துகொண்டது. மூக்கு ஆகாயத்தைப் பார்த்தது. வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்ப, கார் அதைச் சட்டை செய்யாமல் நேராகச் சோளக்கொல்லைக்குள் போயிற்று.

“இழுக்கிற கனமா சார் இது? பெட்டிய எறக்கி வெச்சுட்டுப் போயிடலாம்.”

“பெட்டியத் தொடாத! அரிசி மூட்டைய எறக்கு.”

ரேஷன் காலத்தில் அரிசியை இறக்கச் சொல்லும் மனிதரைத் தங்கசாமி ஒரு மாதிரியாகப் பார்த்தான். மூட்டை ஒரு டீக்கடையில் இறங்கியது. அடுத்த மேட்டில் கார் மூச்சுவிட்டு நின்றது. அண்டா இறங்கியது. அதற்கடுத்த மேட்டில் குத்துவிளக்கும் கட்டிலும் இறங்கின.

“அப்படி என்னதான் சார் இருக்கு அந்தப் பெட்டில?”

“என் மானம்டா!”

சொல்லி முடிப்பதற்குள் வாத்தியாருக்கு அழுகை வந்துவிட்டது. நல்ல சாமானையெல்லாம் தெருவில் விட்டுவிட்டுக் கல்லை ஊர்வலம் கொண்டுபோகிறோமே என்று நினைக்க நினைக்க வெட்கம் பிடுங்கித் தின்றது. மகள் முகத்தில் எப்படி விழிப்பது?

மாப்பிள்ளை வீட்டு வாசலில் தங்கசாமி பிரேக் போட்டான். அண்டை கொடுக்க வேறு சாமான் இல்லாத பெட்டி சறுக்கிக்கொண்டு வந்து, டிரெயிலரின் முன்விளிம்பைத் தாண்டித் தரையில் விழுந்து பிளந்தது. பதினாறு கல்லும் சம்பந்தியம்மாள் மதலேனம்மாளின் காலடிக்கு உருண்டன.

ஞானமுத்து மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். கல்யாணம் நின்றது என்று நினைத்தார். மதலேனம்மாளின் முகமும் வெளுத்துப் போயிருந்தது.

அந்த வீட்டு வேலைக்காரி இருசம்மாள் மட்டும் சந்தோஷமாக ஓடிவந்து குனிந்து ஒரு கல்லை எடுத்தாள்.

“அம்மா, பொண்ணு வீட்டுக்குக் குடுக்குற நம்ம கூறைப்பெட்டிக்குக் கல்லு பத்தல, தேடுடின்னு காலையிலேருந்து வெரட்டுனீங்களே, இதுல நாலு எடுத்துக்கட்டுங்களா?”