இணைப்பைப் பார்க்கவும்

பாக்கியநாதன் பதினோராவது முறையாக அதைத் தட்டினான். பதினோராவது முறையும் திரை அதே கேள்வியைத்தான் கேட்டது: இதை எதில் திறப்பது?

தெரிந்திருந்தால் அவன் ஏன் பதினோரு முறை தட்டப் போகிறான்.

கும்மிடிப்பூண்டி பம்ப் கம்பெனியிலிருந்து காலையில் வந்த மெயில். உள்ளே ஒரே வரி: இணைப்பைப் பார்த்து, இன்று நான்கு மணிக்குள் ஒப்புதல் அனுப்பவும். இணைப்பின் பெயருக்குப் பின்னால் வழக்கமாக டாக் என்று மூன்று எழுத்து இருக்கும். இதில் நான்காவதாக ஓர் எக்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தது.

காக்களூரில் அவன் வேலை பார்த்த ரப்பர் வாஷர் யூனிட்டுக்குச் சோறு போடுவது கும்மிடிப்பூண்டிதான். பாக்கியநாதனுக்குத் தனியாகவும் ஒரு கவலை இருந்தது. போன வருடம்வரை அவன் வாஷர் வார்க்கும் சூட்டு பிரஸ்ஸில் நின்று ரப்பரோடு சேர்ந்து வெந்தவன். மணவாள நகரில் மூன்று மாதம் கம்ப்யூட்டர் படித்த சான்றிதழைக் காட்டித்தான் இந்த அறைக்குள் வந்தான். அறையில் ஏசி உண்டு. அது கம்ப்யூட்டருக்காகப் போட்டது. போகிற போக்கில் இவன் மேலும் பட்டது.

"இன்னாபா, பாத்துட்டியா?" முதலாளி உமர் பாரூக் கதவிடுக்கில் தலையை மட்டும் நீட்டினார்.

"பாத்துக்கினே இருக்கேன் பாய்."

"இன்னா போட்டுக்கீறான்?"

"தொறக்க மாட்டேங்குது."

தலையைத் தொடர்ந்து பாரூக்கும் உள்ளே வந்தார். "நீ படிச்சவன்தான?"

"நான் படிக்க சொல்ல எக்ஸ் கெடையாது பாய். அவங்களுக்கே போன் போட்டு, வேற மாதிரி அனுப்பச் சொல்லட்டா?"

"வாயத் தொறக்காத. போன வாரம்தான் வந்து, உங்க கம்ப்யூட்டர் ரூம் சூப்பர் பாய்னு மெச்சிக்கினு போனானுங்க. இன்னிக்கு பைலு தொறக்கலன்னா, அந்த டப்பாவ சும்மா ஷோவுக்கு வெச்சிக்கீறோம்னு நெனைப்பான். நாலு மணி தாண்டி ஆர்டர் கைமாறிச்சின்னா நீ திரும்ப பிரஸ்ஸுக்குப் பூடு. அங்கதான் எக்ஸும் இல்ல, ஒய்யும் இல்ல."

பாக்கியநாதனுக்கு ஏசியிலேயே வியர்த்தது. நோட்பேடில் திறந்து பார்த்தான். திறந்தது.

"வந்துடுச்சி பாய்."

"பிரின்ட் எடு. பொட்டியில பாத்தா எனுக்குக் கண்ணு கூசும்."

பிரின்டர் நிற்கவேயில்லை. அறுபத்திரண்டாம் பக்கத்தில் மை தீர்ந்துபோய் அதுவாக நின்றது. பாரூக் கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் பக்கத்தை நிதானமாகப் படித்தார். பி.கே. என்று இரண்டு எழுத்து. அதற்கப்புறம் கட்டங்கள், கேள்விக்குறிகள், புள்ளி வைத்த எழுத்துகள்.

"யாருபா பி.கே.?"

"அனுப்பினவரா இருக்கும் பாய்."

டீ கொண்டுவந்த ஞானம்மா எட்டிப் பார்த்தாள். வாஷரில் பிசிறு வெட்டுகிறவள். "இன்னா நைனா, ஒரே கட்டமா இருக்குது. ஜாதகம் எழுதறியா?"

"நீ போய் வேலையப் பாருக்கா."

"பாத்துக்கினுதான் இருக்கேன். உன் பிரஸ்ஸு அப்டியேதான் கீது."

பாக்கியநாதன் திருவள்ளூருக்குப் போன் போட்டு ஃபயாஸை வரவழைத்தான். சுற்றுவட்டாரக் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் அவன்தான் வைத்தியன். எல்லா நோய்க்கும் அவனிடம் ஒரே மருந்து.

"வைரஸ்ணா. ஃபார்மட் போட்டா சுத்தமாப் பூடும்."

போட்டான். பாதி ஓடிய பிறகு கேட்டான்: "பழசெல்லாம் சிடியில எடுத்து வெச்சிக்கீறியா?"

"இல்லியே."

"வெச்சிருக்கணும்ணா."

ஆறு வருட டிராயிங், டெஸ்ட் ரிப்போர்ட், விலைப் பட்டியல் எல்லாம் சுத்தமாகப் போயின. எல்லாம் முடிந்தபோது மணி மூன்றே முக்கால். இன்டர்நெட்டில் கிடந்த மெயில் மட்டும் எங்கேயும் போகாமல் இருந்தது. பாக்கியநாதன் இணைப்பைத் தட்டினான்.

இதை எதில் திறப்பது?

கேள்வி மாறவில்லை. எழுத்துதான் முன்னைவிடக் கொஞ்சம் பெரிதாகியிருந்தது.

"இது மெசினு கோளாறு இல்லணா," என்றான் ஃபயாஸ். "பைலுலயே கோளாறு." சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனான்.

பாரூக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஒரே பேஜாராப் போச்சு. சரி, நான் சொல்றத அடி. இன்னா எழுதிடப் போறான்? வெலையக் கொறைக்கச் சொல்லுவான், சரக்க சீக்கிரம் அனுப்பச் சொல்லுவான். பதினஞ்சு வருசமா வேற இன்னா சொல்லிக்கீறான்?"

"பாக்காமலே எப்டி பாய்?"

"அப்போ பிரஸ்ஸுக்குப் போறியா?"

பாக்கியநாதன் அடித்தான். இணைப்பை முழுமையாகப் படித்தோம். எல்லா நிபந்தனைகளையும் ஏற்கிறோம்.

"மிகத் தெளிவாக இருந்ததுன்னு ஒரு வரி சேத்துக்கோ. படிச்ச மாதிரி இருக்கும்."

சேர்த்துக்கொண்டான். நாலுக்கு நாலு நிமிடம் இருக்கையில் மெயில் போய்ச் சேர்ந்தது.

நாலே காலுக்குப் போன் அடித்தது. இருவரும் அதையே பார்த்தார்கள். பாக்கியநாதன்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஸ்பீக்கரைப் போடு என்று பாரூக் சைகை காட்டினார்.

"பம்ப் கம்பெனி பர்ச்சேஸ்லேர்ந்து வீரராகவன் பேசறேன் சார். உங்க மெயில் வந்துச்சு. ரொம்ப தேங்க்ஸ்."

பாரூக் கண்ணை மூடி அல்லாவுக்கு நன்றி சொன்னார். பாக்கியநாதன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தான். ஏசி முகத்தில் நேராக வீசியது.

"நீங்க ஒத்துக்கினதப் பாத்துட்டு எங்க மேனேஜரும் தைரியமா கையெழுத்துப் போட்டு ஹெட் ஆபீஸுக்கு அனுப்பிட்டார் சார்."

"சந்தோசம் சார்."

அந்தப் பக்கம் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. வீரராகவனின் குரல் இறங்கியது.

"ஒரு சின்ன ஹெல்ப் சார். வெளிய சொல்லிடாதீங்க. ஹெட் ஆபீஸ்லேர்ந்து வந்த அந்த பைலு இங்க எவனுக்கும் தொறக்கல. அதுல இன்னா எழுதிக்கீதுன்னு கொஞ்சம் படிச்சிக் காட்றீங்களா?"