சொந்தத் தெருவில் அடித்த தமுக்கு

தேவாரம்,
1938, ஆனி மாதம்.

வடுகபட்டியில் குடியிருக்கும் மூத்த உடன்பிறப்பு பிச்சையம்மாள் அக்காளுக்கு, தம்பி கருத்தக்கண்ணன் கும்பிட்டு எழுதிக்கொண்டது. இங்கே என் தொண்டையைத் தவிர எல்லாம் சுகம். அங்கே மாமா, உன் மகன் பேச்சிமுத்து, வெள்ளாடுகள் யாவரும் சுகமென்று நம்புகிறேன்.

ஊர்ச் செய்தியைத் தமுக்கடித்துச் சொல்வதுதானே நமக்குப் பிழைப்பு. போன வாரம் மதுரையிலிருந்து கல்விச் சங்கத்தார் வந்து, "நம்ம சனத்துப் பிள்ளைகளும் காலேசு வரைக்கும் படிக்கணும், இப்பவே தயாராகணும், விடுதியில சோறும் புத்தகமும் சும்மான்னு சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டார்கள். நானும் கடைவீதி, கோயில் தெரு, மேலத்தெரு என்று முழக்கிவிட்டு, நம் தெருமுனையில் தமுக்கை இறக்கினேன். கூட வந்த சுயம்புலிங்கம் என்பவர், "ஏன் நிறுத்திட்டீக?" என்றார். "இது நம்ம தெருங்கய்யா, இங்கன எதுக்கு?" என்றேன். "இந்தத் தெருவுக்குச் சொல்லத்தான் வந்ததே" என்றார். சரியென்று என் வீட்டு வாசலிலேயே நின்று, ஆணென்றும் பெண்ணென்றும் பாராமல் என்று நீட்டிச் சொன்னேன். சாணி அள்ளிக்கொண்டிருந்த என் மகள், உன் மருமகள் சந்தனம், கையைக் கழுவிக்கொண்டு வந்து அவரிடம் பேர் கொடுத்துவிட்டாள். "யாரைக் கேட்டு ஆத்தா பேரு குடுத்த?" என்றால், "ஒங்களக் கேட்டுத்தான்யா" என்கிறாள். பக்கத்து வீட்டு மொக்கம்மாள், "கருத்தக்கண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று தன் மகளையும் தள்ளிவிட்டாள். அதெல்லாம் நமக்கு ஒத்துவராது என்று பின்னாலேயே போய்ச் சொல்லிப் பார்த்தேன். தமுக்கு இல்லாமல் சொன்னால் அது செய்தியில்லையாம்.

எட்டாவது முடித்தது போதாதா அக்கா? தை மாதம் பேச்சிமுத்துவுக்கு அவளைத் தருவதாகச் சொன்ன வாக்கு வாக்குத்தான். அவள் மதுரைக்குப் போக வேண்டாம். நீ வந்து நாலு புத்தி சொல்.

மாமாவின் கால்வீக்கம் வற்றக் குலசாமி கண் பார்க்கட்டும். பேச்சிமுத்துவுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
உன் தம்பி கருத்தக்கண்ணன்.

பின்குறிப்பு: நான் மூன்றாவதோடு நின்றவனாயிற்றே, பிழை பார்க்கச் சொல்லி இதை அவளிடமே கொடுத்துத் தொலைத்தேன். முழுதும் படித்தாள். 'வேண்டாம்' என்பதை 'வேன்டாம்' என்று எழுதியிருந்தேன். அந்த எழுத்தை மட்டும் அடித்துத் திருத்திக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். எழுத்தைத்தான் மாற்றினாள், சொல்லை மாற்றவில்லை. அக்கா, எனக்கு மனசு ஆகவில்லை. மேலே உள்ளதையெல்லாம் எழுதாததாக நினைத்துக்கொள். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் புறப்படுகிறாள். பேச்சிமுத்துவிடம் நீயே பக்குவமாகச் சொல். தாயில்லாத பிள்ளை, எனக்குச் சடை பின்ன வராது. வியாழனே வந்துவிடு.