ஒரு இன்னிங்ஸ் மட்டும் என் பாடு

எனக்கு சாஃப்ட்பால் தெரியாது. இந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு ஒரு வருடமும் ஒரு கட்டை விரலும் செலவாகின. தெரியாததில் வெட்கப்பட ஒன்றுமில்லை, உலகத்தில் கோடிப் பேருக்கு அந்த விளையாட்டு தெரியாது. தெரியாமலே ஒரு கோச்சோடு சண்டைக்குப் போய், பந்தை எப்படி வீசுவது என்ற விவகாரத்தை ஊர்ப் பஞ்சாயத்து வரைக்கும் கொண்டுபோனவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். (வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்து ஒரு டீ குடிப்போம்.)

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. பழவேற்காடு ஏரியில் வீச்சு வலை போட்டு மடவை மீன் பிடிப்பது தொழில். என்னைப்போல வட்டமாக வலை விரிக்க எங்கள் குப்பத்தில் ஆளில்லை என்று நாலு பேர் சொல்லியிருந்தார்கள். (நாலு பேரில் இரண்டு பேர் என் அம்மாவும் அக்காவும்.) இந்தப் புகழ் தலைக்கு ஏறி உட்கார்ந்து, கையால் வீசப்படும் எந்தப் பொருளுக்கும் நானே அதிகாரி என்ற எண்ணம் வந்துவிட்டது. தெருவில் பிள்ளைகள் கல்லெறிந்து மாங்காய் அடித்தால்கூட நின்று திருத்துவேன்.

அக்கா மகள் பவானி ஒன்பதாம் வகுப்பு படித்தாள். அவளுடைய நைனா காசிமேட்டில் விசைப்படகில் இருந்தார், மாதத்துக்கு இரண்டு தடவைதான் வீட்டுக்கு வருவார். அதனால் அவளுக்கு நல்லது கெட்டது பார்க்கும் பொறுப்பு என்னுடையது என்று நானே முடிவு செய்துகொண்டேன். யாரும் கேட்கவில்லை. அந்த வருடம் அவள் பள்ளிக்கூடத்துக்கு கிரேஸ் டீச்சர் என்ற விளையாட்டு ஆசிரியை வந்தார். அனுப்பம்பட்டிலிருந்து ரயிலும் பஸ்ஸும் மாறி வருவார். வந்த மாதத்திலேயே பெண்பிள்ளைகளைச் சேர்த்து சாஃப்ட்பால் அணி ஆரம்பித்து, பவானியைப் பந்து வீசுகிற இடத்தில் நிறுத்தினார். மண்டலப் போட்டியில் நன்றாக வீசினால் மாவட்ட அணியில் எடுப்பார்கள், அப்படியே போனால் பின்னால் விளையாட்டு ஒதுக்கீட்டில் காலேஜ் சீட்டே கிடைக்கும் என்று அக்காவிடம் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் காலேஜ் வாசலைப் பார்த்ததில்லை. அக்கா அந்த ஒரு பேச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இதற்கு நடுவில்தான் நான் புகுந்தேன்.

சாஃப்ட்பாலில் கிரிக்கெட் மாதிரி ஓடி வந்து வீச முடியாது. நின்ற இடத்தில் நின்று, கையை ஒரு முழுச் சுற்று சுற்றி, கீழ்வழியாக இடுப்பை ஒட்டிக் கொண்டுவந்து விட வேண்டும். ஒரு நாள் வீட்டு வாசலில் பவானி அப்படிச் சுற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. "இன்னாடி இது, மாவாட்றியா?" என்றேன். டீச்சர் சொன்ன முறை இதுதான் என்றாள். அப்படியானால் டீச்சருக்கு வீசத் தெரியவில்லை என்றேன். கையைச் சுற்றினால் வேகம் வராது, வேகம் இடுப்பிலிருந்து வர வேண்டும், உடம்பைப் பக்கவாட்டில் முறுக்கி விரிக்க வேண்டும் என்று விளக்கினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

வீச்சு வலை போடுகிறவன் வலையின் ஒரு ஓரத்தைப் பல்லில் கடித்திருப்பான். கை விடுகிற அதே நொடியில் பல்லும் விட வேண்டும், இல்லாவிட்டால் வலையோடு பல்லும் ஏரிக்குப் போய்விடும். அந்த நொடியைப் பிடிப்பதுதான் தொழிலின் ரகசியம். இந்த ரகசியத்தை பவானிக்கும் கொடுக்க நினைத்தேன். பந்தைக் கடிக்க முடியாது. ஆகவே சிவப்பு ரிப்பன் கட்டிய அவளுடைய பின்னலின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, பந்தை விடும்போது வாயைத் திறக்கச் சொன்னேன். பத்து நாளில் அவளுக்கு அது நன்றாகப் படிந்துவிட்டது.

மைதானத்திலும் அவள் பின்னலைக் கடித்துக்கொண்டு வீச, கிரேஸ் டீச்சர் என்னை வரச் சொன்னார். டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்துக் காலி மனையில் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. பவானிக்கு நல்ல கை இருக்கிறது என்றும், இரண்டு பேர் இரண்டு மாதிரி சொன்னால் பிள்ளை குழம்பிவிடும் என்றும் டீச்சர் மரியாதையாகத்தான் சொன்னார். மரியாதையாகப் பேசுகிறவர்களுக்கு விஷயம் தெரியாது என்பது அந்த வயதில் என் கொள்கை. "பந்த இப்டி குடுங்க டீச்சர்" என்று வாங்கி, உடம்பை முறுக்கி, பதினைந்து பிள்ளைகள் பார்க்க ஒரு வீச்சு வீசினேன். பந்து எனக்கு முன்னால் போகவில்லை. பக்கவாட்டில் பறந்து, சுவரைத் தாண்டி, முந்நூறு வருடமாக நிம்மதியாகப் படுத்திருந்த டச்சுக்காரர்கள் நடுவில் விழுந்தது. காவலாளியைத் தேடிப் பிடித்துப் பூட்டைத் திறந்து பந்தை எடுக்க முக்கால் மணி நேரமாயிற்று. "காத்து" என்று காரணம் சொன்னேன். அன்றைக்கு ஒரு இலைகூட அசையவில்லை.

இதற்குப் பிறகு ஒரு மனிதன் அடங்கிப் போவான். நான் பவானியைப் பயிற்சிக்கு அனுப்ப முடியாது என்று நிறுத்திவிட்டு, பஞ்சாயத்தில் பிராது கொடுத்தேன்.

இது வெளியூர்க்காரர்களுக்கு விசித்திரமாக இருக்கும். எங்களுக்கு அப்படியில்லை. ஏரியில் இறால் ஓடும் இடங்களில் ஆளாளுக்கு வலை கட்டினால் தினமும் அடிதடிதான். அதனால் யார் எந்த நாளில் எங்கே கட்டுவது என்று ஊர் முறை வைத்திருக்கிறது. அதற்குப் பாடு என்று பெயர். இன்று உன் பாடு, நாளை என் பாடு. தகராறு வந்தால் கோயில் முன்னால் பெரியவர்கள் உட்கார்ந்து தீர்த்துவைப்பார்கள். இரண்டு பேருக்குள் கருத்து வேறுபாடு என்றால் அதைத் தீர்க்க இன்னொரு வழி இருப்பதே எனக்குத் தெரியாது.

டீச்சர் வரமாட்டார் என்று நினைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை, கையில் ஒரு பந்தும் விதிப் புத்தகமும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். போட்டிக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது, வேறு வீச்சாளரும் அவரிடம் இல்லை. பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். பந்தை விடும்போது கை இடுப்பை ஒட்டி வர வேண்டும், விலகி வந்தால் அது செல்லாத வீச்சு என்று புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார். புத்தகம் கை மாறிக் கை மாறிச் சுற்றி வந்தது. எல்லோரும் அதன் எடையைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள்.

பெரியவர்களுக்கு வேறு சந்தேகங்கள் இருந்தன. ஊர்த் தலைவர் வெகுநேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, எதிர்ல கீறவ அடிக்கக் கூடாதுன்றதுதான நம்ம எண்ணம்? அப்பறம் இன்னாத்துக்கு அவளுக்குப் பந்து போட்டுகினு?" டீச்சர் விதிப் புத்தகத்தைக் கடைசிப் பக்கம்வரை புரட்டிப் பார்த்தார். நியாயமான கேள்விதான் என்று எனக்கு இன்றுவரை தோன்றுகிறது.

கடைசியில் தீர்ப்பு வந்தது. இரண்டு பக்கமும் பிடிவாதம் இருப்பதால் பாடு முறைதான் சரி. முதல் இன்னிங்ஸ் டீச்சர் பாடு, அடுத்த இன்னிங்ஸ் மாமன் பாடு, இப்படியே மாறி மாறி ஆட்டம் முடியும்வரை. யாருக்கும் மனக்குறை இருக்கக் கூடாது. டீச்சர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார்.

"சரிங்க ஐயா, ஒத்துக்கறேன். ஆனா அவர் பாடு வரும்போது அவரே பெஞ்சுல எங்கூட உக்காந்து, எழுந்து நின்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லிக்கொடுக்கணும்" என்றார்.

எவ்வளவு பெருந்தன்மையான பெண்மணி என்று நினைத்தேன். என் சட்டைக்கு அன்றே இஸ்திரி போட்டுவைத்தேன்.

போட்டி பொன்னேரியில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. அக்கா மீன் விற்கப் போகாமல் வந்து வேலி ஓரமாக நின்றாள். தேர்வு செய்கிறவர்கள் இரண்டு பேர் குடைக்குக் கீழே நோட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். முதல் இன்னிங்ஸில் பவானி டீச்சர் முறையில் வீசினாள். எதிரணிப் பிள்ளைகள் மூன்று பேர் மட்டையைச் சுழற்றிவிட்டு, பந்தைப் பார்க்காமலே திரும்பிப் போனார்கள். குடைக்குக் கீழே இருந்தவர் ஏதோ எழுதினார். மாவாட்டுகிற முறைக்கே இப்படியென்றால் என் முறைக்கு என்ன எழுதுவார் என்று எனக்குள் குறுகுறுப்பு.

இரண்டாவது இன்னிங்ஸில் எழுந்து நின்றேன். "கடி" என்று கத்தினேன். பவானி பின்னலைக் கடித்தாள். அம்பயர் ஆட்டத்தை நிறுத்தி, அவளிடம் போய்ப் பசிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றதும், முடியை வெளியே எடுக்கச் சொன்னார். பாதி ரகசியம் அங்கேயே போய்விட்டது. மீதி ரகசியத்தை நம்பி, உடம்பை முறுக்கி வீசச் சொன்னேன். அவள் வீசியதும் அம்பயர் இடது கையைப் பக்கவாட்டில் நேராக நீட்டினார். அடுத்த பந்துக்கும் நீட்டினார். அதற்கு அடுத்த பந்துக்கும் அப்படியே.

அது செல்லாத வீச்சு என்பதற்கான சைகை. விளையாட்டு தெரிந்தவர்களுக்கு அது தெரியும். ஏரியில் வளர்ந்த நான், நல்ல மனிதர், காற்று எந்தப் பக்கம் என்று காட்டுகிறார் என்று புரிந்துகொண்டேன். அவர் கை, கொண்டல் காற்று வருகிற கடல் பக்கம் நீண்டிருந்தது. "பவானி, கொண்டக்காத்து அடிக்குதுனு சார் காட்றாரு பாரு, இன்னும் தள்ளிப் போடு" என்று மைதானமே கேட்கச் சொன்னேன். அம்பயருக்குக் கும்பிடும் போட்டேன்.

அவள் இன்னும் தள்ளிப் போட்டாள். அவர் இன்னும் நீட்டினார். செல்லாத வீச்சு நாலு சேர்ந்தால் எதிரணிப் பெண் அடிக்காமலே ஒரு தளம் முன்னேறலாம். மட்டையைத் தூக்காமலே பிள்ளைகள் ஒருத்தி பின் ஒருத்தியாக உலாப் போவதுபோல மைதானத்தைச் சுற்றி வந்து ஓட்டம் சேர்த்தார்கள். ஏழு ஓட்டம். கிரேஸ் டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஆரஞ்சுப் பழத்தை உரித்துத் தின்றுகொண்டிருந்தார். எனக்கும் இரண்டு சுளை கொடுத்தார். நானும் தின்றேன்.

அப்போது பவானி அம்பயரிடம் கை காட்டி ஆட்டத்தை நிறுத்திவிட்டு பெஞ்சுக்கு நடந்து வந்தாள். முகம் சிவந்திருந்தது, கண் தளும்பியிருந்தது. இரண்டு பள்ளிக்கூடமும் பார்த்துக்கொண்டிருந்தது.

"மாமா, உன் பாடு முடிஞ்சிபோச்சு. இனிமே என் பாடு" என்றாள்.

திரும்பிப் போய்க் கையை முழுச் சுற்று சுற்றி வீச ஆரம்பித்தாள். அதன் பிறகு ஆட்டம் முடியும்வரை எதிரணிக்கு ஒரு ஓட்டம் கூடக் கிடைக்கவில்லை. எங்கள் பிள்ளைகளும் விடாமல் அடித்து ஐந்து ஓட்டம் எடுத்தார்கள். ஏழுக்கு ஐந்து என்று தோற்றோம். அந்த ஏழும் என்னுடையவை.

மாவட்ட அணிப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. ஏன் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அன்று சாயங்காலம் பஸ்ஸில் அக்கா என் பக்கம் திரும்பாமல், ஜன்னலைப் பார்த்தே சொன்னாள்: "நீ உன் வலைய வீசு. அவள வுட்ரு." எனக்கு அழுகை வந்தது. திருப்பாலைவனம் தாண்டும்வரை, விழுந்துவிட்ட சில்லறையைத் தேடுகிறவன்போலக் குனிந்தே இருந்தேன்.

மறுநாள் பள்ளிக்கூட வாசலில் போய் நின்று டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் திட்டவில்லை. பவானிக்குச் சாயங்காலங்களில் பந்து பிடித்துப்போட ஆள் வேண்டும், வாய் திறக்காத ஆளாக இருக்க வேண்டும் என்றார். ஒரு வருடம் குத்தவைத்து உட்கார்ந்து அவள் பந்தைப் பிடித்தேன். மூன்றாவது மாதம் ஒரு பந்து கட்டை விரலை மடக்கிவிட்டது. கத்தக்கூட இல்லை, ஒப்பந்தம் அப்படி. அந்தச் சுற்றும் கையிலிருந்து பந்து எவ்வளவு வேகமாக வரும் என்பதை எங்கள் குப்பத்தில் என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் யாருமில்லை. அடுத்த வருடம் அவளை மாவட்ட அணியில் எடுத்தார்கள். பிறகு காலேஜ் சீட்டும் கிடைத்தது. சேர்த்துவிடப் போன அன்று அக்கா காலேஜ் வாசலிலேயே வெகுநேரம் நின்றாள். நான் பவானியின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்றேன்.

இப்போது பவானியே வேலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கோச். பிள்ளைகளின் அப்பாக்களும் மாமாக்களும் அவளிடம் வந்து, கை இப்படி வரக் கூடாது மேடம், நான் ஒரு காலத்தில் ஆடியவன் மேடம் என்று ஆரம்பிப்பார்களாம். அவள் வாதாடுவதில்லை. "ஒரு நிமிஷம், எங்க மாமாகிட்ட பேசுங்க" என்று எனக்கு போன் போட்டுக் கொடுத்துவிடுவாள். நான் முழுக் கதையையும் ஒன்று விடாமல் சொல்ல வேண்டும். பக்கத்தில் அக்கா உட்கார்ந்து, நான் விட்ட இடத்தை எடுத்துக்கொடுப்பாள். இதுவரை பதினோரு பேர் கேட்டு, சிரித்து, சமாதானமாகிப் போயிருக்கிறார்கள்.

போன வாரம் பன்னிரண்டாவது ஆள் பேசினார். ஒரு பெண்ணின் பெரியப்பா. கதை முழுவதையும் பொறுமையாகக் கேட்டார், எங்கேயும் சிரிக்கவில்லை. பிறகு, "இல்ல சார், யோசிச்சிப் பாத்தா நீங்க சொன்ன மொறையிலயும் ஒரு நியாயம் இருக்கற மாதிரிதான் தெரியுது" என்றார்.

இத்தனை வருடத்தில் இதை என்னிடம் சொன்ன முதல் மனிதர். நான் அக்கா இருக்கிற பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, மெல்ல எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, "சொல்லுங்க சார்" என்றேன்.