சூரனின் கோபமும் ஐஸ் பிளாஸ்க்கும்

ஈஸ்வரபாண்டிக்கு ஊசி என்ற பேச்சை எடுத்தாலே பற்றிக்கொண்டு வரும். அவருக்குப் போடுகிற ஊசி இல்லை. நாய்க்குப் போடுகிற ஊசி.

"என் நாய்க்கு எவனாச்சும் ஊசி போட்டான், கைய ஒடைப்பேன்" என்று கம்பம் பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் கேட்கச் சொல்லியிருந்தார். காரணம், பக்கத்துத் தோட்டத்துப் பேச்சிமுத்து. அவன் தன் நாய்க்குத் தடுப்பூசி போட்டான். நாய் இரண்டு நாள் சுருண்டு படுத்தது. அந்த இரண்டு நாளில் காட்டுப்பன்றி வந்து அவன் கடலைக் காட்டை உழுதுவிட்டுப் போனது. ஊசி நாயின் கோபத்தை உறிஞ்சிவிடும் என்று ஈஸ்வரபாண்டி அன்றைக்கே முடிவுகட்டிவிட்டார். கோபம் அவருக்குப் பரம்பரைச் சொத்து. காபியில் சர்க்கரை குறைந்தால் டம்ளர் வாசலுக்குப் பறக்கும்.

மனைவி மூக்கம்மாள் வளர்த்த நாய் மணி முந்தின வருஷம் செத்துப்போயிருந்தது. இப்போது வீட்டில் இரண்டு மாதக் குட்டி, சூரன்.

"தெருவுல மூணு குட்டி ரத்தமாக் கழிஞ்சு செத்துப்போச்சு. மணியும் அப்பிடித்தான் போச்சு. இதுக்காச்சும் ஊசி போட்டுருவோம்."

"போட்டா கோவம் போயிரும்."

"யாரு சொன்னாக?"

"யாரு சொல்லணும்? பேச்சிமுத்து நாய் பூனையப் பாத்து வாலாட்டுதுடி."

"அது ஊசிக்கு முன்னாடியும் அப்பிடித்தான் ஆட்டுச்சு."

"எதுத்துப் பேசாத. மாட்டுக்கு வேணா எத்தன ஊசினாலும் போட்டுக்க. மாட்டுக்கு எதுக்குக் கோவம்?"

மூக்கம்மாள் அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. அதைப் பார்த்து அவர் பயந்திருக்க வேண்டும். ஜெயித்துவிட்டதாக நினைத்து மீசையைத் தடவிக்கொண்டார்.

அடுத்த வாரம் வாய்க்கால் தகராறு வழக்குக்கு உத்தமபாளையம் கோர்ட்டில் வாய்தா.

"வரும்போது அங்கன மருந்துக் கடையில மாட்டுக்கு ஊசி மருந்து சொல்லி வச்சிருக்கு, வாங்கியாங்க. இந்த பிளாஸ்க்குல ஐஸ் போட்டுத் தருவாக. சூடு பட்டா மருந்து வீணாப் போயிரும். வெயில்ல வைக்காதீக."

பஸ்ஸில் பிளாஸ்க்கை மடியில் வைத்து, மேலே துண்டைப் போர்த்திக்கொண்டார். முழங்கை பட்டவனைப் பார்த்து, "ஏலே, மாட்டு மருந்துடா, இடிக்காத" என்று பாய்ந்தார். கீழே வைக்கச் சொன்ன கண்டக்டரோடு கம்பம் வரை சண்டை. வீட்டில் பிளாஸ்க்கை ஒப்படைத்தார். ஊசி குத்துவதைப் பார்க்கிற தெம்பு அவருக்குக் கிடையாது. மாட்டு டாக்டர் செல்வமணியின் பைக் சத்தம் கேட்டதும் டீக்கடைக்கு நடந்துவிட்டார்.

மூன்று வாரம் கழித்து மறு வாய்தா. மாட்டுக்கு இரண்டாவது ஊசி என்றாள். அதே பிளாஸ்க், அதே துண்டு, சண்டை மட்டும் வேறு ஆளோடு.

ஒரு வருஷம் ஓடியது. சூரன் தோட்டத்துக்குள் வந்த மூன்று பன்றிகளை மலையடிவாரம் வரை விரட்டிவிட்டு வந்தது. ஈஸ்வரபாண்டி டீக்கடையில் அரைமணி நேரம் முழங்கிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

"பாத்தியா? அதான் ஊசி படாத நாயி."

மூக்கம்மாள் அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து ஒரு மஞ்சள் அட்டையை எடுத்து நீட்டினாள். நாயின் பெயர் சூரன். உரிமையாளர் ஈஸ்வரபாண்டி. இரண்டு முத்திரை, இரண்டு தேதி. இரண்டும் வாய்தா தேதி. அவருக்குப் பெற்ற பிள்ளைகளின் பிறந்தநாள் மறக்கும், வாய்தா தேதி மறக்காது.

"பொய் சொல்லி என்னையவே தூக்கியார வச்சிருக்க."

"ஆமா, பொய்தான். மணி சாகையில அது தலை என் மடியில கெடந்துச்சு. நீங்க குழி தோண்டுனீக, அம்புட்டுத்தான். இன்னொரு தடவ அப்பிடி உக்கார எனக்கு ஏலாது. பொய் சொல்லத்தான் ஏலும்."

அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப ஊசி போட்டா கோவம் போகாதா?"

"போகும்னா மொதல்ல உங்களுக்குல்ல போட்டிருப்பேன்."

அடுத்த வாய்தா அன்று அவர் செருப்பு மாட்டும்போது பக்கத்தில் பிளாஸ்க் கழுவி வைத்திருந்தது. வருஷத்துக்கு ஒரு ஊசி உண்டாம். சூரன் அவரைப் பார்த்துக் குரைத்தது. துண்டை உதறித் தோளில் போட்டு, பிளாஸ்க்கைக் கையில் எடுத்தார்.

"வெயில்ல வைக்கக் கூடாதுல்ல?" என்று மட்டும் கேட்டார்.